ஒரு பக்கம் மட்டும் கழுத்து வலி: எங்கிருந்து வருது, என்ன செய்யலாம்?

#1 பின்னலாடை_திருப்பூர்

ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின்ல உட்கார்றவங்க சொல்றது பெரும்பாலும் ஒரே மாதிரிதாங்க இருக்குது. வலி கழுத்து முழுக்க இல்ல, ஒரு பக்கம் மட்டும். காதுக்குக் கீழ தொடங்கி தோள் மேல்முனை வரைக்கும் இழுக்குது. சிலருக்குக் காலைல எழும்போதே கழுத்தைத் திருப்ப முடியாமப் பிடிச்சுக்குது. அதுக்கப்புறம் வழக்கமா நடக்கறது மெடிக்கல்ல கேட்டு வாங்கற மாத்திரை, சுளுக்கு வழிக்கறவர், அதுக்கும் கேட்கலைன்னா எக்ஸ்ரே. எக்ஸ்ரேல 'தேய்மானம்'னு எழுதி வந்ததும் ஆள் பாதி உடைஞ்சு போயிடறாங்க.

ஒரு பக்கம் மட்டும் ஏன் வருது, எதை வீட்டுலயே பார்த்துக்கலாம், எதுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? "நேரா உட்காருங்க"ன்னு பொத்தாம்பொதுவா வேண்டாங்க. அளவோட சொல்லுங்க.

#2 தோள்பூட்டு (பிசியோதெரபி)

எந்தப் பக்கம் என்பதைவிட எந்த அசைவில் வலிக்கிறது என்பதுதான் துப்பு. நாற்காலியில் உட்கார்ந்து நான்கு அசைவுகளை மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள்: வலிக்கும் பக்கம் திரும்புவது, மறுபக்கம் திரும்புவது, காதை எதிர்த் தோளை நோக்கிச் சாய்ப்பது, அண்ணாந்து பார்ப்பது.

வலிக்கும் பக்கம் திரும்பும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றால், பெரும்பாலும் கழுத்தெலும்புகளுக்குப் பின்னால் இரு பக்கமும் இருக்கும் ஃபேசட் மூட்டு. தூங்கி எழும்போது 'பிடித்துக்கொண்டது' என்று சொல்வதில் பாதிக்கு மேல் இந்த மூட்டும் அதைச் சுற்றி இறுகிய தசையும்தான். மேல்கழுத்து மூட்டு என்றால் வலி பின்மண்டைக்கு ஏறும். கீழ்க்கழுத்து மூட்டு என்றால் தோளுக்கும் முதுகுப் பட்டைக்கும் இறங்கும். அங்கே வலிக்கிறதே என்று முதுகைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கோளாறு மேலே இருக்கும்.

எதிர்ப்பக்கம் சாய்க்கும்போது கயிறு மாதிரி இழுத்தால் தசை. தையல் வேலையில் முதலில் மாட்டுவது லெவேட்டர் ஸ்கேப்புலே. கழுத்தின் மேல் நான்கு எலும்புகளின் பக்கவாட்டு முனைகளில் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் மேல் உள்மூலையில் முடியும். அந்த மூலையை விரலால் கண்டுபிடிக்கலாம். வலிக்கும் பக்கக் கையை மடியில் தளர விட்டு, எதிர்க் கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் போட்டு முதுகெலும்பை நோக்கி நகர்த்தினால் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதற்கு ஒரு விரல்கடை மேலே அழுத்தினால் "ஐயோ, அதேதான்" என்பார்கள். இந்தத் தசை இறுகினால் வலிக்கும் பக்கமே திரும்ப முடியாது. ஆட்டோவைப் பின்னால் எடுக்கிறவர் இடுப்போடு சேர்த்துத் திரும்புவது இதனால்தான்.

வலி கழுத்தின் பக்கவாட்டில் ஏறி, காதுக்குப் பின்னால் வளைந்து நெற்றிப்பொட்டுக்குப் போனால் மேல் ட்ரபீசியஸ், அதாவது கழுத்திலிருந்து தோள் மேல்முனைக்குப் போகும் தசை. ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு விஷயம் இங்கே இருக்கும்.

ஒரு பக்கமாக வருவதற்குக் காரணம், வேலை ஒரு பக்கமாக நடப்பதே. துணிக்கட்டு எப்போதும் ஒரே கைப்பக்கம், போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில், பை ஒரே தோளில், டிவி சுவரின் ஓரத்தில். தலையின் எடை சுமார் 5 கிலோ. அது 20 டிகிரி சாய்ந்து மணிக்கணக்கில் நின்றால் எதிர்ப்பக்கத் தசை இளைப்பாறவே வழியில்லை.

#3 இரவுப்பணி (அவசரப் பிரிவு)

தோள்பூட்டு சொன்ன அசைவுச் சோதனைக்கு இன்னொரு பயனும் உண்டு. கழுத்தை எப்படித் திருப்பினாலும் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால், கழுத்தை விட்டுவிட்டு வேறு இடத்தைத் தேடுங்கள்.

இடப்பக்கக் கழுத்து, தாடை வலி, படியேறினால் வந்து நின்றால் குறைகிறது, கூடவே வியர்வை, நெஞ்சு இறுக்கம்: இதயம். சர்க்கரை நோயாளிக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலே இப்படி வரலாம். தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாத வலி இது.

தொண்டை முன்பக்கம் ஒரு பக்கம் தொட்டாலே வலிக்கிறது, காதுக்கு ஏறுகிறது, சில வாரம் முன்பு சளி காய்ச்சல் வந்தது, வலி சில நாளில் மறுபக்கம் தாவுகிறது: தைராய்டு அழற்சி. பல், டான்சில், தாடைமூட்டு வலியும் கழுத்துக்கு இறங்கும்.

தோல் எரிகிறது, சட்டைக் காலர் பட்டாலே கூசுகிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை: அக்கி. கொப்புளம் வர இரண்டு மூன்று நாள் ஆகும். நடுக்கோட்டைத் தாண்டாமல் ஒரே பக்கம் நிற்பதுதான் அடையாளம். கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். காவி எழுதிக்கொள்ள விரும்பினால் எழுதிக்கொள்ளட்டும், மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம்.

வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு ஊசியோ மாத்திரையோ எடுத்த ஓரிரு நாளில் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கி இழுத்துக்கொண்டு, கண் மேலே செருகி, நாக்கு தடித்தது போலிருந்தால் அது சுளுக்கு அல்ல. மருந்தின் பக்கவிளைவு. சிறு வயதினருக்கு அதிகம். சில மனநல மருந்துகளாலும் வரும். புரோமெத்தசின் ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கிவிடும். 'காத்து கருப்பு' என்று வேறெங்கோ கூட்டிப்போவதற்குள் அந்த வாந்தி மருந்தின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்களுக்கு அந்த அட்டைதான் பாதி நோயறிதல்.

#4 செம்பருத்தி_வீடு

டாக்டர், ஒரு சந்தேகம். அசைத்தால் வலி மாறுகிறது என்றால் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

#5 இரவுப்பணி

இல்லை, நல்ல வேளை கேட்டீர்கள். முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு: கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிவது. ஒரு பக்கக் கழுத்திலோ பின்மண்டையிலோ திடீரென்று, 'இதுவரை இப்படி வந்ததே இல்லை' என்று சொல்லும்படியான வலி. கழுத்தை அசைத்தாலும் கூடும், அதனால் சுளுக்கு மாதிரியே தெரியும். அதே பக்கக் கண்ணிமை லேசாகத் தொங்கி, கண்மணி சிறுத்திருந்தால் சந்தேகம் உறுதியாகிறது. மங்கிய வெளிச்சத்தில் இரு கண்களையும் ஒப்பிட்டால் கண்மணி வித்தியாசம் தெளிவாகத் தெரியும். தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், முகம் கோணல் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் 108. வலி வந்ததற்கும் பக்கவாதம் தாக்குவதற்கும் நடுவே சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். 50 வயதுக்குக் கீழ் வரும் பக்கவாதத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விபத்தில் அடிபட்ட கழுத்து, காய்ச்சலோடு தாடையை நெஞ்சில் தொட முடியாத கழுத்து, படுத்தால் கூடும் வலியோடு எடை இறங்குவது, கைவிரல் தடுமாறிச் சட்டைப் பொத்தான் போட வராமல் நடையும் தள்ளாடுவது, இவையும் வீட்டில் பார்க்கும் கணக்கில் வராதவை.

#6 வைகைக்கரை

சலூன்ல முடி வெட்டி முடிச்சதும் தாடையையும் உச்சியையும் பிடிச்சு 'கடக்'னு ஒரு சொடக்கு எடுப்பாங்களே, அது போட்டா பிடிப்பு விட்டுருதே? சுளுக்கு வழிக்கிற ஆளுங்க கைராசியையும் ஒரேயடியாத் தள்ளிவிட முடியாது.

#7 தோள்பூட்டு

இரண்டையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம், அண்ணே. நல்லெண்ணெய் தடவி, கழுத்திலிருந்து தோளுக்கு மிதமாக வழித்து விடுவதில் தப்பில்லை. சூடும் தடவலும் தசையைத் தளர்த்தும், ஓரிரு நாள் நன்றாக இருக்கும். தலையணையை வெயிலில் போட்டால் சுளுக்குப் போகும் என்பார்கள். அதில் கெடுதல் ஏதுமில்லை, தலையணைக்கும் நல்லது. கால் முதலாகப் பிறந்தவர் உதைத்தால் போகும் என்பதற்கு மட்டும் கழுத்தைக் கொடுக்காதீர்கள்.

சொடக்கு வேறு. அந்தச் சத்தம் மூட்டு நீருக்குள் குமிழ் உண்டாவதால் வருவது, விலகிய எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் அல்ல. அப்போது கிடைக்கும் சுகம் நரம்பு தற்காலிகமாகத் தருவது. தலையைச் சாய்த்து, அண்ணாந்து, வேகமாகத் திருகும்போது மேல்கழுத்து எலும்புகளின் துளை வழியாகப் போகும் ரத்தக்குழாய்தான் முறுக்குப்படுகிறது. டாக்டர் சொன்ன கிழிசல் நிகழக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. நிகழ்வது அரிது, நிகழ்ந்தால் திருப்ப முடியாது. ஏற்கெனவே கிழிந்து வலிக்கிற கழுத்தோடு நாற்காலியில் உட்கார்ந்து 'ஒரு சொடக்கு எடுங்க' என்பது அதைவிட மோசம். வெட்டி முடித்ததும் "கழுத்து வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

#8 மாத்திரைப்பெட்டி (மருந்தாளுநர்)

மெடிக்கல்ல கேட்டு வாங்கற மாத்திரைன்னு முதல் பதிவுல இருக்கே, அதுல என்ன இருக்குன்னு பார்ப்போம். 'கழுத்து வலி'ன்னு கேட்டா கைக்கு வர்றது பெரும்பாலும் கூட்டு மாத்திரை: அசிக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி., கூடவே தசை தளர்த்தும் மருந்து ஒண்ணு. வலி நிக்கலைன்னு வீட்டுல இருக்கிற டோலோ 650-ஐயும் மேல போடுவாங்க. பாராசிட்டமால் ரெண்டு வழியா உள்ள போகுதுன்னு அவங்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராம்தான் உச்ச வரம்பு. ஒல்லியானவங்க, குடிப்பழக்கம் உள்ளவங்க, கல்லீரல் கோளாறு உள்ளவங்க அதைவிடக் கீழயே நிறுத்தணும்.

சாதாரணப் பிடிப்புக்கு: வலி பொறுக்க முடியாத முதல் 3 நாள், அதிகம் போனா 5 நாள். ஐபுப்ரோஃபென் 400 மி.கி. சாப்பாட்டுக்கு அப்புறம், நாளைக்கு 3 தடவைக்கு மேல வேண்டாம். சிறுநீரகக் கோளாறு, வயித்துப் புண், ரத்தம் உறையாம இருக்க மருந்து, கர்ப்பம், இதய நோய் இருந்தா இந்த வகையே டாக்டரைக் கேட்காமத் தொடக்கூடாது. காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து வந்து ஊர்ல டெங்கு இருந்தா ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் மூணுமே வேண்டாம், பாராசிட்டமால் மட்டும்.

தசை தளர்த்தற மருந்தால பெரும்பாலும் தூக்கம்தான் வரும். போட்டுட்டு கட்டிங் மெஷின்ல நிக்கறதோ வண்டி ஓட்டறதோ ஆகாது. பேர் இல்லாத பொட்டலத்துல 'செட்'டா மடிச்சுத் தர்ற மாத்திரையை வாங்கவே வாங்காதீங்க. அதுல ஸ்டீராய்டு இருந்தா வலி சட்டுன்னு நிக்கும், பின்னாலயே சர்க்கரை ஏறும்.

டைக்ளோஃபெனாக் ஜெல் நல்லது, வயித்துக்கு அதிகம் போகாது. தடவின இடத்துல ஒத்தடப் பையை வைக்காதீங்க, தோல் வெந்துரும். ஒத்தடம் முதல்ல, தோல் ஆறினதும் ஜெல். வார்ஃபரின் சாப்பிடறவங்க மெத்தில் சாலிசிலேட் கலந்த தைலத்தை அள்ளி அள்ளித் தேய்க்கக்கூடாது, ரத்தக்கசிவு கூடும்.

#9 பின்னலாடை_திருப்பூர்

ரொம்ப நன்றிங்க. பிடிச்சுக்கிட்ட முதல் நாள் என்ன பண்ணணும்? கழுத்துக் காலர் மாட்டிக்கிட்டு வர்றாங்களே சில பேரு.

#10 தோள்பூட்டு

காலரை வாங்கினால் கழற்ற மனசு வராது, அதுதான் சிக்கல். சாதாரணப் பிடிப்புக்குத் தேவையே இல்லை. கைக்கு இறங்கும் கடுமையான நரம்பு வலிக்கு மட்டும், மருத்துவர் சொன்னால், ஓரிரு வாரம் பயன்படும். அதற்கு மேல் போட்டால் கழுத்துத் தசை இளைத்துவிடும்.

முதல் இரண்டு நாள்: 15 முதல் 20 நிமிடம் சூட்டு ஒத்தடம், நாளைக்கு மூன்று முறை. மெல்லிய தலையணையில் மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல் உருட்டியே இரு பக்கமும் திருப்புங்கள். வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட வேண்டும். 10 முறை, இரண்டு மணிக்கொரு தடவை. பலரும் இங்கே இழுத்து நீட்டுகிறார்கள். எரிச்சலில் இருக்கும் மூட்டை இழுத்தால் தசை இன்னும் இறுகித்தான் தடுக்கும், மறுநாள் காலை முந்தைய நாளைவிட மோசமாக இருக்கும். இந்தப் பிடிப்பு பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே விடும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு நீட்டல். வலது பக்கம் வலி என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் நாற்காலி இருக்கையின் அடி விளிம்பைப் பிடியுங்கள். முகத்தை இடப்பக்கம் 45 டிகிரி திருப்பி இடது அக்குளைப் பார்ப்பது போலக் குனியுங்கள். இடது கையைப் பின்மண்டையில் வையுங்கள், இழுக்காதீர்கள், கையின் எடையே போதும். 20 முதல் 30 விநாடி, மூன்று முறை. வலது தோள் மேலே ஏறிவிட்டால் நீட்டலே நடக்கவில்லை என்று பொருள். கைவிரல் மரத்தால் உடனே விடுங்கள்.

அடுத்து தாடையை உள்ளிழுப்பது. எல்லாரும் சொல்வார்கள், முக்கால்வாசிப் பேர் தப்பாகச் செய்வார்கள். மல்லாந்து படுத்து, 'ஆமாம்' என்று மிக லேசாகத் தலையசைப்பது போலத் தாடையை இறக்கி 5 முதல் 10 விநாடி, 10 முறை. கழுத்தின் முன்பக்கம் விரலை வையுங்கள். காதுக்குப் பின்னாலிருந்து காறையெலும்புக்கு வரும் கயிறு போன்ற தசை புடைத்தால் விசை அதிகம். உள்தசை வேலை செய்தால் விரலுக்கு எதுவும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்தும் ஒரு பக்கம் திரும்பத் திரும்ப வந்தால் நீட்டல் மட்டும் போதாது, வலு வேண்டும். டென்மார்க்கில் வேலைக்குப் போகும் பெண்களிடம் நடத்திய ஆய்வில் வாரம் மூன்று நாள், 20 நிமிடம், எடை பிடித்துத் தோளை உயர்த்தி இறக்குவது போன்ற பயிற்சிகளை 10 வாரம் செய்தவர்களுக்கு ட்ரபீசியஸ் வலி நன்றாகக் குறைந்தது. இரு கைகளிலும் 2 கிலோவில் தொடங்குங்கள். டம்பெல் இல்லாவிட்டால் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில்.

#11 செம்பருத்தி_வீடு

கழுத்தில் தொடங்கிக் கைக்கு இறங்கினால்?

#12 இரவுப்பணி

எந்த விரல் என்று கேளுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் மரத்து, முழங்கையை மடக்க வலுவில்லை என்றால் கழுத்திலிருந்து கைக்குப் போகும் ஆறாவது நரம்பு. நடுவிரல், முழங்கையை நீட்ட முடியவில்லை என்றால் ஏழாவது, இதுதான் அதிகம் பேருக்கு வருவது. சுண்டுவிரல், பிடிமானம் தளர்வு என்றால் எட்டாவது. வலி பல நேரம் கையில் தொடங்காது, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பில் குடைவதுபோல் தொடங்கி ஒரு வாரம் கழித்துக் கைக்கு இறங்கும். கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தால் வலி குறைகிறது என்றால் நரம்புதான் என்று நம்ப நிறைய இடமுண்டு. அந்த நிலையில் நரம்பின் இழுவிசை குறைகிறது.

தலையை வலிப்பக்கம் சாய்த்து மேலிருந்து அழுத்தும் சோதனையை வீட்டில் ஒருவர் மீது ஒருவர் செய்து பார்க்காதீர்கள்.

பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரத்தில் அறுவைச் சிகிச்சை இல்லாமலே அடங்கிவிடும். கழுத்தெலும்புகளுக்கு நடுவிலிருந்து விலகிய ஜவ்வின் (டிஸ்க்) துண்டை உடம்பே கரைத்துக்கொள்ளும். எம்ஆர்ஐ எப்போது? வலு குறைந்துகொண்டே போனால் உடனே. வலி மட்டும் என்றால் ஆறு வாரம் பார்த்துவிட்டு.

எக்ஸ்ரே 'தேய்மானம்' பற்றிப் பின்னலாடை கேட்டதற்கும் இதிலேயே பதில்: ஜப்பானில் கழுத்துத் தொல்லையே இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில் 87.6 சதவீதம் பேருக்கு ஜவ்வு புடைப்பு இருந்தது. 2015-இல் வெளியானது. அந்த ஆய்வில் 20 வயதுக்காரர்களும் இருந்தார்கள். ஆகவே 'தேய்மானம்' என்ற சொல் வலிக்குக் காரணம் ஆகாது, நரைமுடி தலைவலிக்குக் காரணம் ஆகாதது போல. 'வளைவு நேராகியுள்ளது' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் வலியால் தசை இறுகி நிற்பதைத்தான் அது காட்டுகிறது.

#13 தறிமேடை (தொழிற்சாலைப் பணியிட அமைப்பு)

மாத்திரையும் பயிற்சியும் சொல்லிவிட்டீர்கள், திங்கட்கிழமை அதே மேஜைக்குத்தானே திரும்பிப் போகிறார்கள். தையல் மேஜை முழங்கை உயரத்தைவிட 5 செ.மீ. மேலே இருக்கட்டும், அதைவிடத் தாழ்ந்தால் கழுத்துதான் குனியும். மேஜையைத் தைப்பவர் பக்கம் 10 டிகிரி சாய்த்தால் ஊசிமுனை தலையைக் குனியாமலே தெரியும். பின் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்தாலே போதும், செலவு ஒன்றும் பெரிதில்லை. துணி வழுக்கினால் சாய்வைக் கொஞ்சம் குறையுங்கள். பெடல் உடம்பின் நடுக்கோட்டில் இருக்கிறதா பாருங்கள். ஓரத்தில் இருந்தால் இடுப்பு திரும்பும், கழுத்து எதிர்ப்பக்கம் திரும்பி ஈடுகட்டும். வலி ஒரு பக்கமாக வருவதற்கு யாரும் பார்க்காத காரணம் இது.

துணிக்கட்டை எடுக்கும் பக்கத்தை மதியத்துக்கு மேல் மாற்ற முடியாத மெஷின் என்றால், கட்டை இடுப்பு உயரத்துக்கு ஏற்றி, கை எட்டும் 40 செ.மீ.க்குள் கொண்டு வாருங்கள். தரையில் கிடக்கும் துணிக்கட்டை ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை குனிந்து எடுக்கிறார்கள் என்று ஒரு மணி நேரம் எண்ணிப் பார்த்தால் மேனேஜரே ஸ்டாண்டு வாங்கித் தருவார்.

இன்னொன்று, கண். 40 வயது தாண்டியவர் ஊசியைப் பார்க்கத் தலையை முன்னே நீட்டுகிறார் என்றால் அவருக்கு வேண்டியது கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடியும் ஊசிக்கருகில் ஒரு எல்இடி விளக்கும். மேலே ஒன்று கீழே ஒன்றாக இருக்கும் இரட்டைக் கண்ணாடி போட்டால் அண்ணாந்து பார்ப்பார், அது ஃபேசட் மூட்டுக்கு ஆகாது. வேலைக்கென்று தனிக் கண்ணாடி.

#14 வைகைக்கரை

தலையணை பத்தி யாரும் பேசலையே.

#15 தோள்பூட்டு

ஒருக்களித்துப் படுப்பவருக்கு, தலை அழுத்திய பிறகு மிஞ்சும் உயரம் காதுக்கும் தோள் முனைக்கும் இடையிலான இடைவெளியை நிரப்ப வேண்டும். அகன்ற தோளுக்கு 12 செ.மீ. வரை, சிறிய உடம்புக்கு 8. மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வு. இலவம்பஞ்சுத் தலையணை நல்லதுதான், ஆனால் நாளாக ஆக நடுவில் பள்ளமும் ஓரத்தில் கட்டியுமாகிவிடும். அப்போது இன்னொன்றை மேலே அடுக்கிவிடுவார்கள். அடுக்காதீர்கள், பஞ்சை அடித்து நிரப்புங்கள். குப்புறப் படுப்பவருக்கு எந்தத் தலையணையும் உதவாது, இரவெல்லாம் கழுத்து ஒரு பக்கம் திரும்பியே கிடக்கும்.

#16 செம்பருத்தி_வீடு

குழந்தைகளுக்கும் இதே ஒத்தடம், பயிற்சி பொருந்துமா? தொண்டை வலி வந்து போன பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருந்தால்?

#17 இரவுப்பணி

பொருந்தாது. தொண்டைத் தொற்றோ தொண்டை அறுவையோ முடிந்த சில நாளில் குழந்தையின் தலை ஒரு பக்கம் சாய்ந்து முகம் மறுபக்கம் திரும்பி நின்றால், மேல் இரண்டு கழுத்தெலும்புகள் சுழன்று பூட்டிக்கொண்டிருக்கலாம். அங்கே தசைநார்கள் தொற்றால் தளர்ந்திருக்கும். ஒரு வாரத்துக்குள் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரை, காலர், இழுவை என்று எளிதாக முடியும். மாதம் கடந்தால் அறுவை வரை போகலாம். காய்ச்சலோடு எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தால் தொண்டைக்குப் பின்னால் சீழ், அன்றைக்கே ஆஸ்பத்திரி. பிறந்த சில வாரத்தில் கழுத்தில் சிறு கட்டியோடு தலை சாய்ந்திருப்பது வேறு கதை. அதற்கு ஆரம்பத்திலேயே பிசியோதெரபி தொடங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

தலையை நேராக்கிப் பார்க்கவோ எண்ணெய் போட்டு நீவவோ வேண்டாம். எந்தக் கோணத்தில் வைத்திருக்கிறதோ அதே கோணத்தில், இரு பக்கமும் துண்டைச் சுருட்டி அணைகொடுத்து, மடியில் வைத்துக் கூட்டி வாருங்கள்.